யார் போட்ட கோடு

பென்சிலம்மாவுக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது ஓர் ஆட்டின் தாடியைப் பார்த்துத்தான்.

தபால் நிலையத்தில் வேலைக்குச் சேரும் ஆட்டைப் பற்றிய குழந்தைகள் கதை அது. எழுதியவர் வேறு யாரோ; படம் முழுக்கப் பென்சிலம்மா. பதிப்பகத்திலிருந்து புத்தகக் கட்டு வந்த அன்று காலை, ஒன்றைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய் மை வாசனையை ஒருமுறை இழுத்துவிட்டு நடுப்பக்கத்தைத் திறந்தார். ஆடு தொப்பி போட்டுக்கொண்டு கடிதங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவரை உறுத்தியது. தாடி மயிர் ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு வந்ததுபோல் வழவழவென்று இருந்தது. அவர் நிப்புப் பேனாவில் வரைகிறவர். கோடு கிளம்பும் இடத்தில் கொஞ்சம் தடிக்கும், வளைவில் மெலியும், முடியும் இடத்தில் வெடுக்கென்று நிற்கும். இந்தத் தாடியில் தடிமனும் இருந்தது, மெலிவும் இருந்தது. வெடுக்கு மட்டும் இல்லை.

"இது என் கோடு இல்லையே," என்றார்.

எதிர் மூலையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு அது கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை.

பென்சிலம்மாவின் நிஜப் பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். காய்கறிக் கடைக்கும் அதோடுதான் போவார், கல்யாண வீட்டுக்கும் அதோடுதான். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்தே எழுந்து ஓடுவார். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது ஆள் கணவரின் தங்கை. போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் பல வருஷம் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தவள். முகப்பரு, கருவளையம், தொங்கும் தாடை, எதை வேண்டுமானாலும் காணாமல் போகச் செய்வாள். ஸ்டுடியோவை மூடியதும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய டேப்லெட்டையும் டிஜிட்டல் பேனாவையும் முன்னறையின் மூலையில் பரப்பி, "அண்ணி, நீங்க வரைங்க, கலர் நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பென்சிலம்மாவுக்கு ஆரம்பத்தில் அந்தக் கண்ணாடிப் பலகையின்மேல் துளியும் நம்பிக்கை இல்லை. பேனா அதில் சறுக்கியது. காகிதத்தின் சொரசொரப்பு இல்லாமல் எங்கே அழுத்துகிறோம் என்றே அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சீக்கிரம் கண்டுகொண்டார். ஒரு மரத்தைப் பக்கத்தின் இடமிருந்து வலத்துக்கு நகர்த்த, காகிதத்தில் முழுப்படத்தையும் மறுபடி போட வேண்டும். திரையில் விரலால் தள்ளினால் போதும். அதனால் எது எங்கே நிற்க வேண்டும் என்பதை டேப்லெட்டில் முடிவு செய்துவிட்டு, பிறகு காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மேலே மையால் கோடு போடுவார். அதை நாத்தனார் ஸ்கேன் செய்து, தூசியைத் துடைத்து, வண்ணம் நிரப்பிப் பதிப்பகத்துக்கு அனுப்புவாள். ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டுக்குத் தாடி முளைக்கும்வரை.

சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தார்.

"கோட்டுல ஏதாவது கை வெச்சியா?"

"நானா? இல்லையே அண்ணி. இந்தப் பேப்பர்ல பிரிண்ட் பண்ணினா அப்படித்தான் தெரியும்."

மறுநாள் பதிப்பகத்து ஆசிரியருக்குப் போன் செய்தார். அவர் கொஞ்சம் இழுத்துவிட்டு, "அச்சகத்துல மெஷின் மாத்திட்டாங்கம்மா. அதனால இருக்கும்," என்றார்.

ஒருவர் காகிதம் என்கிறார், ஒருவர் மெஷின் என்கிறார். பொய்யாவது ஒன்றாகச் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

அதன்பிறகு பென்சிலம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க, சந்தேகப்பட வீட்டில் நிறையவே இருந்தது. நாத்தனார் முன்பெல்லாம் திரையை அறைப்பக்கம் திருப்பி வைத்திருப்பாள். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. "வெளிச்சம் கண்ணுல அடிக்குது அண்ணி." போன் வந்தால் எழுந்து பால்கனிக்குப் போனாள். காபி போட்டால் எல்லாருக்கும் டம்ளர் நிறைய ஊற்றிவிட்டு, பென்சிலம்மாவுக்கு மட்டும் பாதி கொடுத்தாள். கேட்டால், "ஆறினா உங்களுக்குப் பிடிக்காதுல்ல, அப்புறம் சூடா இன்னொரு பாதி தரேன்," என்று சிரித்தாள். இந்த அக்கறை எங்கிருந்து வந்தது?

போதாததற்கு வரைகிற சாமான்களும் அவருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்ததுபோல் இருந்தது. நிப்பு பிசிறடித்தது. காகிதக் கடைக்காரரிடம் போய், "மட்டமான சரக்கைத் தலையில கட்டறீங்க. மை போட்டா கோடு அலையுது," என்று சண்டை பிடித்தார்.

"அதே கம்பெனி, அதே பேப்பர்ங்க. வேற யாரும் சொல்லலியே," என்றார் கடைக்காரர்.

வேறு கடைக்கு மாறினார். அங்கும் அதே கதை. மேசைதான் ஆடுகிறது என்று கணவரிடம் சொன்னார். அவர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கடியில் ரப்பர் துண்டைச் செருகி, "இப்ப பூகம்பம் வந்தாலும் ஆடாது," என்றார். சொல்லிவிட்டு ஏனோ மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். பென்சிலம்மா அதையும் மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

அடுத்த புத்தகம், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பூனையைப் பற்றியது. அச்சுக்குப் போகுமுன் பதிப்பகம் சரிபார்க்க அனுப்பும் மாதிரித் தாள்கள் வழக்கமாக நாத்தனார் கைக்கே போகும். இம்முறை கூரியர்காரரைப் படியிலேயே மறித்து வாங்கிக்கொண்டார். நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும் பெட்டி ஒன்று அவரிடம் உண்டு; ஒரு படத்தின்மேல் இன்னொரு தாளை வைத்து நகலெடுக்க உதவுவது. தன் மூலப்படத்தைக் கீழே வைத்து, மாதிரித் தாளை மேலே பொருத்தி, விளக்கைப் போட்டார்.

பூனையின் முதுகுக் கோடு இரண்டாகத் தெரிந்தது. மூலக்கோட்டின் பக்கத்திலேயே, அதை ஒட்டினாற்போல், இன்னொரு கோடு. மீசையும் அப்படி, வாலும் அப்படி. வேலைமேசையின் விளிம்பு மூலத்தில் ஒரு மாதிரியும் அச்சில் ஒரு மாதிரியும் ஓடியது. யாரோ படம் முழுவதையும் கோடு கோடாக மறுபடி போட்டிருக்கிறார்கள்.

பென்சிலம்மா விளக்கை அணைத்துவிட்டு யோசித்தார். இந்தக் காலத்தில் படத்தைக் காட்டினால் அதே மாதிரி ஆயிரம் படம் துப்புகிற கணினிகள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டிருந்தார். தன் படத்தை அப்படி எதற்காவது தின்னக் கொடுத்துவிட்டார்களா? இல்லை, நாத்தனாரே அவருடைய கோட்டைப் போடப் பழகிக்கொண்டு, நாளைக்கு "இனி அண்ணி எதுக்கு?" என்று கேட்பதற்கு ஒத்திகை பார்க்கிறாளா?

கேட்டால் மறுப்பாள். ஆகவே ஒரு பொறி வைத்தார். இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த கடைசிப் படத்தில் பூனைக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் ஒன்று உண்டு. அதில் மூன்றையும் ஒன்பதையும் இடம் மாற்றி எழுதினார். கணினி புதிதாகப் போட்டால் எண்கள் கோணல்மாணலாகிவிடும். நாத்தனார் புரிந்து வரைந்தால் திருத்துவாள், அல்லது வந்து கேட்பாள். யார் மாட்டுகிறார்கள் பார்க்கலாம் என்று படத்தை ஒன்றும் தெரியாதவர்போல் நீட்டினார்.

நாத்தனார் வாங்கி, உற்றுப் பார்த்து, "சூப்பர் அண்ணி," என்றாள். அவ்வளவுதான்.

சில நாள் கழித்து பென்சிலம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவர்கள் வீட்டுப் பால்கனி. நாத்தனாரின் குரல் மேலே வந்தது.

"ஆமா சார், கடிகாரத்தை நானும் பாத்தேன். அத நானே சரி பண்ணிடறேன்... இல்ல இல்ல, அண்ணிகிட்ட கேக்க வேண்டாம். கோடெல்லாம் எப்பவும் போல பண்ணிட்டேன். அவங்களுக்குத் தெரியாது சார். தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

பென்சிலம்மா ஈரத்துணி வாளியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாத்தனார் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"எது அண்ணி?"

"என் காதுல பூ சுத்தாத. கோட்டுக்கு மேல கோடு போட்டுட்டு இருக்கியே, அது. ஆசிரியரும் நீயும் சேர்ந்து என்ன திட்டம் போட்டிருக்கீங்க? என்னைக் கழட்டிவிடப் போறீங்கன்னா நேரா சொல்லேன். பால்கனில போய் எதுக்குக் குசுகுசுன்னு?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஒரு செருப்போடு நின்றார்.

"அங்க என்ன பாக்கற? ஓ, இவருக்கும் தெரியுமா?"

"கை நடுங்குது அண்ணி," என்றாள் நாத்தனார்.

"யாருக்கு?"

இருவரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். பென்சிலம்மாவும் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். சும்மா தொங்கியபோது அது சாதாரணமாக இருந்தது. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, எழுதுவதுபோல் பிடித்தார். நுனி, மிக மெல்ல, காற்றில் எதையோ தொட்டுத் தொட்டு எடுத்தது. நிப்பு, காகிதம், மேசைக்கால் எல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்தன. அரை டம்ளர் காபியும்.

"சிந்திடுமேன்னுதான்," என்றார் கணவர், கேட்காமலே.

நாத்தனார் மீதியைச் சொன்னாள். ஆட்டுப் புத்தகத்துக்கு முன்பே கோடுகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார், வேறு ஓவியரைத் தேடலாமா என்று பேச்செடுத்தார். அவள்தான், "நான் பாத்துக்கறேன் சார்," என்று சொல்லி, ஒவ்வொரு கோட்டின்மேலும் டேப்லெட்டில் மறுபடி வரைந்தாள். கை அசைவைச் சமன்செய்து கோட்டை நேராக்கும் வசதி அதில் உண்டு.

"உங்களுக்கு நல்லதுன்னுதான் பண்ணினேன்."

பென்சிலம்மா நெகிழ்ந்துபோயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு வந்தது கோபம்.

"என் கை நடுங்குறது ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியக்கூடாது. நல்லா இருக்குடி நியாயம்! முகத்துல இருக்கற சுருக்கத்தை அழிக்கற மாதிரி என்னையும் அழிச்சுட்ட. அந்த ஆட்டுக்கு என் பேரைப் போட்டாங்களே, அதுல என் கோடு ஒண்ணாவது இருக்கா?"

அன்று முதல் முன்னறையில் பேச்சு நின்றது. பென்சிலம்மா மூலப்படங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதிப்பகத்துக்கும் நேரில் போனார். ஆசிரியர் எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்களை விட மனசு வரலம்மா," என்றார். அந்த மரியாதையைக்கூட அவரால் நம்ப முடியவில்லை. இத்தனை வருஷம் "பிரமாதம்" என்று சொன்னதில் எது நிஜம், எது பரிதாபம் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினார்.

கணவர் கெஞ்சி, பிறகு மிரட்டி, ஒருவழியாக அவரை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் இளம்பெண். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, நடுவில் ஆரம்பித்து வெளியே விரிந்துகொண்டே வரும் சுருள் ஒன்றை வரையச் சொன்னார். பென்சிலம்மாவுக்குச் சட்டென்று ரோஷம் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, தாள் கொள்ளும் மட்டும் பெரிதாக ஒரு சுருளை ஒரே இழுப்பில் போட்டார். கோணல் இல்லாமல் வந்தது.

மருத்துவர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"படம் வரையறேன்."

"அதான். ஏமாத்தறீங்க! உக்காந்து, முழங்கையை மேசையில வெச்சு, சின்னதா போடுங்க."

உட்கார்ந்து போட்ட சுருள், ரம்பத்தின் பற்களைச் சுற்றிவைத்ததுபோல் வந்தது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயப்படும்படி ஒன்றுமில்லை, சிலருக்கு வயது ஏற ஏற வருவதுதான், மாத்திரை குறைக்கும், ஆனால் முழுக்க நிறுத்தாது என்றார் மருத்துவர். இவ்வளவு சின்ன வயதில் இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்து இன்னொரு மருத்துவரிடமும் காட்டினார் பென்சிலம்மா. அவர் வயதானவர். அதையேதான் சொன்னார்.

மாத்திரை கொஞ்சம் கேட்டது. ஆனால் பென்சிலம்மாவின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்த முதல் சுருள். ரோஷத்தில் போட்டதுதான்; எப்படி நேராக வந்தது? மணிக்கட்டை வைத்து வரையவில்லை. தோளிலிருந்து கையை வீசியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறைச் சுவரில் இருந்த நாள்காட்டியையும் ஆணிகளையும் கழற்றினார். பெரிய காகிதங்களை ஒட்டிச் சேர்த்துச் சுவர் முழுக்கப் பரப்பினார். நிப்பைத் தொடவில்லை; தடித்த தூரிகையை மையில் தோய்த்து, நின்றபடி, பூனையைத் தன் உயரத்துக்கு வரைந்தார். முதுகுக் கோடு போட இரண்டடி நடக்க வேண்டியிருந்தது. நடுக்கம் போய்விடவில்லை. ஆனால் ஓர் ஆள் உயரப் பூனையில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

கணவர் டம்ளரோடு வந்து நின்று, "இதை எப்படி ஸ்கேனருக்குள்ள நுழைக்கப் போற?" என்றார்.

நாத்தனார் தன் மூலையிலிருந்து எழுந்து வந்தாள். கேமராவை முக்காலியில் பொருத்தி, விளக்குகளை இரண்டு பக்கமும் சாய்த்து வைத்து, படத்தைத் துண்டு துண்டாக எடுத்தாள். ஸ்டுடியோவில் பழகிய கை. பிறகு துண்டுகளைத் திரையில் ஒன்றுசேர்த்து, புத்தகப் பக்கத்தின் அளவுக்குச் சுருக்கினாள். திரையைச் சுவர்ப்பக்கத்திலிருந்து அறைப்பக்கமாகத் திருப்பினாள்.

பூனை சிறிதாகச் சிறிதாக நடுக்கமும் சிறிதாகிக் காணாமல் போயிருந்தது. வெடுக்கு மட்டும் அப்படியே இருந்தது. வால் நுனியில் தூரிகை வறண்டுபோய்க் கீறிய கீறல்கூட.

"ஒண்ணையும் தொடலியே?"

"இல்ல அண்ணி. வேணும்னா பக்கத்துல உக்காருங்க, நான் பண்றதைப் பாருங்க."

"பாக்கத்தான் போறேன்."

அப்படித்தான் மறுபடி பேச்சு ஆரம்பித்தது. நிபந்தனைகளையும் பென்சிலம்மாவே போட்டார். கோட்டைத் தொடக்கூடாது. ஆசிரியர் எதைப் பேசினாலும் இருவர் முன்னாலும் பேச வேண்டும். காபி நிறைய வேண்டும். சிந்தினால் அவரே துடைத்துக்கொள்வார். நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எனக்கும் ஒண்ணு வேணும்," என்றாள்.

"என்ன?"

"வண்ணம் என்னோடதுன்னு புக்ல போடணும். இத்தனை நாள் உங்க பேருக்குப் பின்னால ஒளிஞ்சுட்டே இருந்தேன். அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

பென்சிலம்மா இதை எதிர்பார்க்கவில்லை. ஏதோ உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரே ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

பூனைப் புத்தகம் முழுவதையும் மறுபடி வரைந்தார்கள். முன்னறையில் நடக்க இடமில்லை. சுவரில் ஒன்று, கதவில் ஒன்று, உலர்வதற்காகக் கூடத்துத் தரையில் இரண்டு. லிஃப்ட்காரர் தன் வீட்டுக்குள்ளேயே பூனைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். அட்டையில் இருவர் பெயரும் வந்தன. கடைகளில் வாங்கிய அம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் தெரிய வழியில்லை; பூனை கடிகாரத்துக்குள் விழும் இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று ஆசிரியர் சொன்னார். அதை எழுத்தில் அனுப்பச் சொன்னார் பென்சிலம்மா. அனுப்பினார்.

இப்போது வேலை அப்படித்தான் நடக்கிறது. சந்தேகம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு மாதிரித் தாள் வந்ததும், மூலப்படத்தைத் தானே புகைப்படம் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு, விளக்குப் பெட்டியில் இரண்டையும் பொருத்தி, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார். "வீடா போலீஸ் ஸ்டேஷனா இது?" என்று நாத்தனார் அலுத்துக்கொள்வாள். ஆனால் அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

போன வாரம், மீன்பிடிப் படகில் ஒரு நாரை உட்கார்ந்திருக்கும் படம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. நாரையின் கழுத்து வளைவு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருந்தது. பென்சிலம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு கோட்டின்மேல்தான் கிடந்தது, மயிரிழை கூட விலகல் இல்லை. ஆனாலும் இவ்வளவு நல்ல வளைவைத் தான் போட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"இது யாரோடது?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "உங்களோடதுதான் அண்ணி. செவ்வாய்க்கிழமை போட்டீங்க. போட்டுட்டு, பசிக்குதுன்னீங்க."

"நிஜமா?"

"நிஜமா."

பென்சிலம்மா அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததும் சந்தேகமாகத்தான் இருந்தது. பூதக்கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டு, "சரி, அனுப்பு," என்றார்.